உள்ளூர்ச் சம்பளம்

தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் போன் அடித்தால் எல்லோரும் அதற்கு முதுகைக் காட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. போன் எடுக்க இருந்த ராஜகுமாரி கல்யாணமாகித் திருப்பூருக்குப் போனதிலிருந்து இந்த நிலைமை. கூப்பிடுகிறவர்கள் கோத்தகிரிச் சுற்றுவட்டாரத்துச் சிறு விவசாயிகள். இலை வண்டி ஏன் வரவில்லை, பச்சை இலைக்கு இன்றைக்கு என்ன விலை, அதை ஏன் இன்னும் ஏற்றவில்லை என்பார்கள். பதில் சொல்கிறவரின் அப்பா, தாத்தா வரைக்கும் விசாரித்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

சூப்பர்வைசர் அருள்ராஜ் எடுத்திருக்க வேண்டும். அவன் கோயம்புத்தூரில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவன். படித்ததற்கும் பார்க்கிற வேலைக்கும் நடுவே இருந்த தூரத்தை அவன் கோபத்தால் நிரப்பி வைத்திருந்தான். இலை மூட்டையை எடை போடுவதும் வடக்கத்தி ஆட்களை அதட்டுவதும் போதாதென்று போன் வேறா என்று காதைப் பொத்திக்கொள்வான்.

அந்தத் தொழிற்சாலையில் இரண்டு சம்பளம் உண்டு. ஒன்றுக்கு உள்ளூர்ச் சம்பளம் என்று பெயர். மற்றதற்குப் பெயர் இல்லை. ஏஜெண்ட் ஜார்க்கண்டிலிருந்து ரயிலேற்றிக் கூட்டிவந்தவர்களுக்கு அது. வேலை ஒன்றுதான், நேரம் ஒன்றுதான், கையில் வருவது மட்டும் குறைவு. முதலாளி லிங்கசாமியைக் கேட்டால், "பாஷை தெரியாத ஆளுகள மேய்க்கறது சும்மாவா? அதுக்கு ஒரு செலவு ஆகுதுல்லொ?" என்பார். அவர் குன்னூரில் இருந்தார். மேய்க்க ஒருநாளும் வந்ததில்லை.

பெயரில்லாத சம்பளம் வாங்கியவர்களில் ஒருத்தி அனிமா. கும்லா பக்கத்துக் கிராமம், பி.காம் பட்டதாரி. "படிப்பை வெளியே சொல்லாதே, படித்தவள் கேள்வி கேட்பாள் என்று வேலைக்கு எடுக்க மாட்டார்கள்" என்று ஏஜெண்ட் சொல்லிவைத்திருந்தான். அதனால் பட்டத்தைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, பச்சை இலையை வாட்டும் நீளத் தொட்டிகளில் இலையை உதறிப் பரப்பிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் அப்பா போனில் ஒரே கேள்வி கேட்பார். "உட்கார்ந்து பார்க்கிற வேலையா, நின்று பார்க்கிற வேலையா?" அவளைப் படிக்கவைக்க உழவு மாடுகளை விற்றவர் அவர். பொய் சொல்லவும் முடியாமல், உண்மை சொல்லவும் மனம் வராமல், "சாப்பிட்டீங்களா?" என்று அனிமா பேச்சை மாற்றிவிடுவாள்.

அதே தொட்டியில் எதிர்ப்பக்கம் நின்று இலை பரப்பியவள் அன்னக்கிளி. சின்ன வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். கை ஓயும், வாய் ஓயாது. சர்க்கரையைச் சீனி என்பாள், ரொட்டியைப் பாண் என்பாள், பேசுவதைக் கதைப்பது என்பாள். கேட்கிறவருக்குப் புரிகிறதா என்ற கவலை அவளுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. எதிரே நின்ற பெண்ணுக்கு ஒரு வார்த்தை தெரியாதபோதே மாமியார் கதை முழுவதையும் சொல்லி முடித்திருந்தாள். யாரும் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. மழை நீர் ஓட்டின் வழியே இறங்குவது போல் அன்னக்கிளியின் தமிழ் அனிமாவுக்குள் இறங்கிவிட்டது.

ஒரு மழைநாள் மதியம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது, மறுபடி அடித்தது. ஆபீசுக்கு வெளியே கூட்டிக்கொண்டிருந்த அனிமாவுக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் கூப்பிடக் கூப்பிடப் பதில் சொல்லாமல் இருப்பது தெய்வத்துக்கு ஆகாது என்று நினைக்கும் வீட்டில் வளர்ந்தவள். துடைப்பத்தைச் சாத்திவிட்டு உள்ளே போய் எடுத்தாள்.

"என்ற இலையெல்லாம் ரோட்டோரத்துல நனையுது! வண்டி எங்கய்யா? போனப் பக்கத்துல வெச்சுட்டுத் தூங்கறீங்களா?" என்று ஒரு குரல் சீறியது.

"ஐயா, கோவப்படாதீங்க. இலைக்கு மேல போட ஏதாச்சும் படுதா இருக்கா? போத்தி வைங்க. நான் டிரைவரோட கதைச்சுட்டு, எந்நேரம் வரும்னு ஒங்களுக்குத் திருப்பிச் சொல்றேன். நீங்க நனையாம நில்லுங்க."

அந்தப் பக்கம் சீற்றம் அப்படியே நின்றுபோனது. நீங்க நனையாம நில்லுங்க என்று அந்தப் பக்கம் பேசிய கிழவர் ஆறுக்குட்டியிடம் யாரும் சொல்லி நெடுங்காலம் ஆகியிருந்தது.

"நீ யாரு அம்மிணி?" என்றார்.

"ஆபீஸ்ல இருந்துதாங்க" என்றாள். சொன்னபடி டிரைவரைப் பிடித்து, சொன்னபடி திருப்பிக் கூப்பிட்டுச் சொன்னாள்.

கதவருகே அருள்ராஜ் நின்றிருந்தான். கோபப்படலாமா வேண்டாமா என்று அவன் முகம் முடிவு செய்யாமல் இருந்தது.

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"கொஞ்சம் கதைப்பேன், சார்."

"எழுதப் படிக்க?"

அனிமா தயங்கினாள். பிறகு, ஏஜெண்ட் சொன்னபடி மறைப்பதை விட உண்மை சொல்வது லேசாக இருந்ததால், "தமிழ்ல இல்லை. கணக்குத் தெரியும். பி.காம்" என்றாள்.

அருள்ராஜ் அவளையும் துடைப்பத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் பி.இ." என்றான். ஏதோ ஒரே ஊர்க்காரர்கள் அயல்நாட்டில் சந்தித்துக்கொண்டது போல இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றிலிருந்து போன் அடித்தால் அனிமாவைக் கூப்பிடுவது வழக்கமாயிற்று. சில நாளில் அவள் ஆபீஸ் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்பளம் மட்டும் பழைய தொட்டிச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம், "இப்போதைக்கு உட்கார்ந்திருக்கிறேன்" என்றாள். "இப்போதைக்கு என்றால்?" என்று அவர் கேட்டார். "சாப்பிட்டீங்களா?" என்றாள் அவள்.

விவசாயிகள் திட்டுவதற்காகக் கூப்பிட்டு, மாட்டைப் பற்றியும் முட்டி வலியைப் பற்றியும் பேசிவிட்டு வைத்தார்கள். ஒருநாள் லிங்கசாமியே கூப்பிட்டார். அனிமா கதைப்பதைக் கேட்டதும் அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பேரென்னம்மா?"

"அனிமாங்க, ஐயா."

பேச்சு சிலோன்காரர் பேச்சு, பேர்தான் புதுசு, இப்பத்திப் புள்ளைகளுக்கெல்லாம் இப்படித்தான் பேர் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அருள்ராஜைக் கூப்பிடச் சொன்னார்.

"அருளு, அந்தச் சிலோன் புள்ளையவே அங்க நிரந்தரமாப் போட்டுரு. உள்ளூர்ச் சம்பளம் குடு. ஆயுத பூஜைக்கு வாறப்ப நேர்ல பாக்கறேன்."

அருள்ராஜ் வாயைத் திறந்தான். திறந்த வாயால், "சரிங்க" என்றான்.

பிறகுதான் அவனுக்கு வேர்த்தது. அன்னக்கிளியிடம் ஓடினான்.

"அக்கா, மொதலாளி இவள உங்க சனம்னு நெனச்சுட்டு இருக்காரு. நேர்ல பாத்தா என்னை ஏமாத்திட்டியான்னு என் சீட்டக் கிழிச்சுருவாரு."

"ஏமாத்துனது யாரு தம்பி? இவ பொய் சொன்னாளா? நீ சொன்னியா? அவரு காது அவர ஏமாத்திருச்சு. காத வேலைய விட்டு நிறுத்தச் சொல்லு."

"விளையாடாதீங்க அக்கா. ஒண்ணு பண்ணலாம். உங்க மக கோகிலவாணிய அன்னிக்கு ஒரு நாள் வந்து நாற்காலில உக்காரச் சொல்லுங்க. அவளும் எம்.எஸ்ஸி. படிச்சிட்டு ஊட்டில சாக்லேட்டுத்தான் விக்கிறா. ஐயாவுக்குப் புடிச்சிருந்தா வேலை அவளுக்கே ஆகட்டும். அனிமா பழையபடி இலை பரப்பட்டும். யாருக்கும் சண்டையில்லை."

அன்னக்கிளியின் கை தொட்டியில் நின்றது. வாயும் நின்றது. இரண்டும் ஒன்றாக நின்று அருள்ராஜ் பார்த்ததே இல்லை. மகள் தினமும் சுற்றுலா பஸ்களுக்கு முன்னால் நின்று கூவிக் கூவித் தொண்டை கட்டி வருவது அவள் கண்முன் வந்திருக்க வேண்டும். தூரத்தில் ஆபீஸ் கண்ணாடி ஜன்னலுக்குள் அனிமா, போன் அடிக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வேணாம் தம்பி" என்றாள் அன்னக்கிளி. "எம் மகளுக்குத் தொண்டை தவளைத் தொண்டை. ஆறுக்குட்டி ஐயா ஒரு வார்த்தையில கண்டுபுடிச்சிருவாரு." இலையை அள்ளி வேண்டியதற்கு மேலாக உதறினாள்.

நல்ல மனது பல சமயம் கேலியின் முக்காட்டைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். அனிமாவுக்கு அது அன்று தெரியாது. ஆண்டவனுக்குத் தெரியும்.

பூஜை நாளில் எந்திரங்களுக்கெல்லாம் விபூதிப் பட்டை அடித்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இலை போடும் விவசாயிகள் பொரி கடலைக்காக வந்திருந்தார்கள். வடக்கத்தி ஆட்கள் கதவோரமாக ஒதுங்கி நின்றார்கள். அன்னக்கிளி தன் மஞ்சள் சேலையை அனிமாவுக்குக் கட்டிவிட்டு, "அவரு கேட்டா ஒள்ளதச் சொல்லு. கேக்காததச் சொல்லாத" என்று புத்தி சொல்லி அனுப்பினாள்.

லிங்கசாமி காரை விட்டு இறங்கியதும் கேட்டார். "எங்க அந்தச் சிலோன் புள்ள?"

அருள்ராஜ் இருமினான். அனிமா முன்னால் வந்து கும்பிட்டாள். "வாங்க ஐயா. சுகமா வந்து சேந்தீங்களா? மலைப்பாதையில வந்த களைப்புக்குத் தேத்தண்ணி ஊத்தவா, சீனி போட்டா, போடாமலா?"

லிங்கசாமி அவள் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் பார்த்தார். பேசியவள் எங்காவது ஒளிந்துகொண்டிருக்கிறாளா என்று தூணுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"அருளு, பேசறது யாரு?"

"இவங்கதாங்க."

"வாயசைக்கறது இவங்க. பேசறது யாருங்கறேன்!"

விவசாயிகள் பக்கம் சிரிப்புக் கிளம்பியது. லிங்கசாமி விடவில்லை. மற்றவர்களை ஆபீசை விட்டு வெளியேற்றினார். அவளைத் தனியாக உட்காரவைத்து, வாசலுக்குப் போய், கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே செல்போனில் கூப்பிட்டார். உள்ளே மணி அடித்தது. அவள் எடுத்தாள்.

"ஐயா, தூறல் போடுது. உள்ள வந்து கதைங்க. சளி புடிச்சுக்கும்."

இந்த முறை கதவோரத்து ஆட்களும் சிரித்தார்கள். லிங்கசாமி உள்ளே வந்தார், சிரிக்கவில்லை. அவர் பின்னாலேயே மற்றவர்களும் நுழைந்தார்கள்.

"வடக்கத்திப் புள்ளையா நீ?"

"ஆமாங்க ஐயா. கும்லா ஜில்லா."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் அருள்ராஜ் பக்கம் திரும்பினார். "நல்லாத்தான் கதைக்குது. அதுக்குன்னு? வடக்கத்தி ஆளுக்கு உள்ளூர்ச் சம்பளம் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வரிசையில நிப்பாங்க. இது இந்த பேக்டரிப் பழக்கம். இந்தப் புள்ள தொட்டிக்கே போகட்டும். ஆபீசுக்கு வேற நம்ம புள்ளையப் பாரு."

அனிமா எழுந்துவிட்டாள். எழுந்த நாற்காலியை மேசைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்தாள். அதைப் பார்த்து அன்னக்கிளிக்கு அடக்க முடியவில்லை.

"ஐயா, பாஷை தெரியாதவங்களுக்குத்தானே கொறச்ச சம்பளம்? எங்கம்மா சிலோன்ல இருந்து வந்தப்ப எங்களுக்கும் கொறச்சுத்தான் குடுத்தாங்க, உங்கய்யா. நாங்க என்ன பாஷை தெரியாமலா இருந்தோம்?"

"அது... அப்ப நீங்க புதுசா வந்தவங்க."

"உங்க தாத்தாவும் காரமடையில இருந்து மூட்டை தூக்கிட்டு மலையேறுன அன்னிக்குப் புதுசுதானுங்களே ஐயா? அவரு யாருகிட்டயாவது கொறச்சு வாங்குனாரா?"

அதற்குள் ஆறுக்குட்டி கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார். கையில் ஒரு பை நிறைய பட்டர் ஃப்ரூட். நேரே அன்னக்கிளியிடம் போய் நீட்டினார்.

"இந்தா அம்மிணி, என்ற மரத்துப் பழம். போன்ல பேசற குரலுக்கு."

"அது நான் இல்லீங்க, அந்தா நிக்கிறா."

ஆறுக்குட்டி திரும்பினார். கண்ணைச் சுருக்கி அனிமாவைப் பார்த்தார். "நீயா கண்ணு?"

"ஆமாங்க ஐயா. கன்னுக்குட்டி இப்ப நல்லாப் பால் குடிக்குதா?"

அவ்வளவுதான். பை கை மாறியது. ஆறுக்குட்டி முதலாளியைப் பார்த்துத் திரும்பினார். நடந்த பேச்சையெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, பேசுவது யாரென்று தெரியாமலே கேட்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"ஏனுங்க, அடுத்த வளைவுலயும் ஒரு பேக்டரி இருக்குதுங்க. அவங்களும் எங்க இலைய வாங்கறதுக்குத் தயாராத்தான் இருக்கறாங்க. என்ன, அங்க போன் எடுக்க ஆளில்ல. இந்த அம்மிணிய நீங்க தொட்டிக்கு அனுப்புனா, நானே கூட்டிட்டுப் போயி அங்க சேத்தி உட்டுப்போட்டு, என்ற இலையயும் அங்கயே கொண்டுபோயிப் போட்டுக்கறேன்."

"அட, நானும்தான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அந்தப் புள்ளதான் எனக்கு முட்டிக்கு ஒத்தடம் சொல்லுச்சு" என்றார் இன்னொருவர்.

இலை இல்லாத தேயிலைத் தொழிற்சாலை வெறும் தகரக் கொட்டகை. லிங்கசாமிக்கு இது எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். அந்த நேரம் பார்த்துப் பூசாரி கற்பூரத் தட்டை அவர் முன்னால் நீட்டினார். அவர் சட்டென்று இறங்கிவந்தார்.

"அட, எதுக்குப்பா கோவம்? நான் என்ன சொன்னேன்? பாஷை தெரியாதவங்களுக்குத்தான் கொறச்ச சம்பளம். இந்தப் புள்ளைக்குப் பாஷை தெரியுது. சரி, உள்ளூர்ச் சம்பளம். இங்கயே உக்காரட்டும்."

அனிமா நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவள் கண் கதவோரத்துக்குப் போனது.

"ஐயா, பாஷை தெரிஞ்சா யாருக்கும் உள்ளூர்ச் சம்பளம்தானா?"

"ஆமாம்மா, அதத்தான சொல்றேன்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்!" என்று சொல்லிக்கொண்டே லிங்கசாமி கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எரிகிற கற்பூரத்துக்கு முன் சொன்ன வார்த்தையை ஊரே கேட்டுவிட்டது. அது அவருக்கு ஒரு மூச்சு தாமதமாகத்தான் உறைத்தது.

"அப்ப புதுவாவையும் கேளுங்க ஐயா."

புதுவா பாய்லருக்கு விறகு போடுகிறவன். வாயில் பொரியோடு திகைத்து நின்றவனை அனிமா முன்னால் தள்ளிவிட்டாள். லிங்கசாமிக்குத் தைரியம் வந்தது. இந்த ஆளுக்கு எங்கே தமிழ் தெரியப் போகிறது?

"தமிழ் தெரியுமாப்பா? எங்க, நாலு வார்த்தை பேசு பாப்பம்."

அனிமா அதை அவர்கள் பாஷையில் சொன்னதும் புதுவா பொரியை விழுங்கினான். இரண்டு கைகளையும் கூப்பினான். தலையைப் பணிவாகக் குனிந்துகொண்டு, சாமிக்கு முன்னால் வேண்டிக்கொள்கிறவனைப் போன்ற மெல்லிய குரலில், தனக்குத் தெரிந்த தமிழ் முழுவதையும் முதலாளிக்குச் சமர்ப்பித்தான்.

"டேய் எருமை, என்னடா வாயப் பொளந்துட்டு நிக்கிற? உங்கப்பன் ஊட்டுச் சத்திரமா இது? உனக்கு வெத்தல பாக்கு வெச்சு அழைக்கோணுமா? வெறகப் போடுடா!"

எந்திரங்களுக்குக் கட்டிய வாழைக்கன்றுகூட அசையவில்லை. பிறகு ஆறுக்குட்டி வெடித்துச் சிரித்தார். அதோடு கொட்டகையே குலுங்கியது. புதுவா, தேர்வில் தேறிவிட்டோம் போலிருக்கிறது என்று தானும் சிரித்தான்.

லிங்கசாமி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டுக் கேட்டார். "யாரப்பா இத உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

அனிமா அதையும் அவர்கள் பாஷையில் கேட்க, புதுவா அருள்ராஜைக் காட்டினான். அந்தக் கையில் குற்றச்சாட்டு இல்லை. வாத்தியாரைக் காட்டும் பெருமைதான் இருந்தது. அதனாலேயே அருள்ராஜுக்கு முகம் வைக்க இடம் தெரியவில்லை.

சிரிப்பு தானாக அடங்கியது. "வேற எதுவும் தெரியாதா?" என்று முதலாளி தணிந்த குரலில் கேட்டார்.

"வேற யாரும் சொல்லலைங்க ஐயா" என்றாள் அனிமா.

லிங்கசாமி அருள்ராஜ் பக்கம் திரும்பினார். அவர் கெட்டவர் இல்லை. குன்னூரிலிருந்து பார்த்தால் சில விஷயங்கள் தெரியாது, அவ்வளவுதான். "இந்த ஆளுக்குத் தமிழ் தெரியாதுன்னு எவனும் சொல்ல முடியாது" என்றார். "எழுதிக்க அருளு. உள்ளூர்ச் சம்பளம்."

கதவோரத்து ஆட்கள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒருவன் பஸ் கண்டக்டரிடம் கற்றதைச் சொன்னான். "படியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க!" ஒரு பெண் சந்தைக் கடைக்காரியின் குரலிலேயே, "சில்லறை இல்லாம எதுக்கு வர்றீங்க?" என்று முதலாளியைக் கேட்டாள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். பூசாரி தட்டோடு பக்கத்திலேயே நின்றார். நகரச் சொல்லியும் நகரவில்லை.

விடுமுறை முடிந்து மறுபடி பாய்லர் மூட்டிய காலையில், அருள்ராஜ் வழக்கம்போல் புதுவாவுக்கு முன்னால் போய் நின்றான். வழக்கமான வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கினான். அதற்குப் பதில் என்ன சொல்வதென்று பி.இ. படித்தவனுக்குக் கொஞ்ச நேரம் விளங்கவில்லை.

"அண்ணே" என்றான் கடைசியில். "கொஞ்சம் வெறகு போடறீங்களா?"

புதுவா அவனைப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை. விறகைக் கீழே வைத்துவிட்டு ஆபீஸ் ஜன்னலுக்கு ஓடி, சார் ஏதோ புதிதாகச் சொல்கிறார், என்னவென்று கேட்டுச் சொல் என்றான். அனிமா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவர்கள் பாஷையில் விளக்கினாள். அவன் நம்பாமல் இரண்டாம் முறை கேட்டான். பிறகு மெதுவாகத் திரும்பி நடந்து வந்து, அருள்ராஜ் முன் நின்று, அப்போதுதான் கற்ற பதிலை ஒரு எழுத்தும் சிந்தாமல் சொன்னான்.

"போடறேனுங்க, தம்பி."